சீராட்டினால் கெட்டுப்போகும் பாப்பி

ஐரோப்பிய உழவர்களைக் கேட்டால் பாப்பியைப் பூச்செடி என்று சொல்ல மாட்டார்கள், களை என்பார்கள். கோதுமைக்கும் பார்லிக்கும் நிலத்தை உழுதால் போதும், கேட்காமலேயே கூட முளைத்து வந்துவிடும். களைக்கொல்லி தெளிக்கும் பழக்கம் பரவுவதற்கு முன்பு, ஜூன் மாதத்து இங்கிலாந்து வயல்களில் கதிர்களுக்கு நடுவே சிவப்பாக நின்றது இதுதான். வீட்டில் பாப்பி வளர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த ஒரு விஷயத்தை. கிளறிய மண், நேரடி வெயில், குளிர்ந்த பருவம், பக்கத்தில் நெருக்கிப் பிடிக்காத செடிகள். இவ்வளவு கிடைத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நமக்கு இங்கேதான் இடிக்கிறது. செடி என்றாலே தொழுவுரம் போட வேண்டும், நாற்று விட்டுப் பறித்து நட வேண்டும், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கைக்குப் பழகிவிட்டது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது சரி. பாப்பிக்கு இந்த மூன்றுமே ஆகாது. "இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் வரவில்லையே" என்று குறைப்படுபவர்களின் தோட்டத்தில் பெரும்பாலும் நடந்திருப்பது, பார்த்துப் பார்த்துச் செய்ததுதான்.

நான் இருப்பது லண்டனின் தெற்குப் பக்கம். அதனால் இங்கே சொல்லும் மாதங்கள் எல்லாம் பிரிட்டனுக்கானவை. பெங்களூர், ஊட்டிக்காரர்களுக்குப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரே பருவத்து வாழ்க்கை

விதைப் பாக்கெட்டில் ஓராண்டுச் செடி என்று போட்டிருந்தால், அது ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்து, காய்ந்துவிடும் என்று பொருள். எள், கொத்தமல்லி எல்லாம் இந்தக் கணக்குதான். அடுத்த ஆண்டு அதே இடத்தில் வருவது பழைய செடி இல்லை, அது உதிர்த்த விதையிலிருந்து வந்த புதுச்செடி. பாப்பியில் பல்லாண்டு வகையும் உண்டு. பெரிய செம்மஞ்சள் பூ வைக்கும் ஓரியண்டல் பாப்பி ஆண்டுதோறும் அதே வேரிலிருந்து துளிர்த்து வரும். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் தொங்கும், படத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஓராண்டுச் செடிக்கு ஒரே குறி, விதை. காய் பிடித்து முற்றத் தொடங்கியதும் வந்த வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பூ உதிர்ந்தவுடன் அந்தப் பிஞ்சுக் காயைக் கிள்ளிவிட்டால், வேலை முடியவில்லை என்று மறுபடி மொட்டு விடும். பாப்பி பராமரிப்பு என்று பெரிதாகச் சொல்ல இருப்பது இந்தக் கிள்ளல் ஒன்றுதான்.

எந்தப் பாப்பி?

வயல் பாப்பி, தாவரப் பெயர் பபாவர் ரோயஸ். ஒன்றரை முதல் இரண்டடி உயரம், நான்கு சிவப்பு இதழ்கள், அடியில் பெரும்பாலும் ஒரு கறுப்புத் திட்டு, தண்டு முழுக்க முள் மாதிரி மயிர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுவும் இதிலிருந்து வந்த ஷெர்லி பாப்பியும்தான் என் சிபாரிசு.

ஷெர்லி பாப்பியின் கதை எனக்குப் பிடித்தமானது. ஷெர்லி என்பது இன்று லண்டனின் குரோய்டனுக்குள் அடங்கிவிட்ட ஊர். 1880 வாக்கில் அங்கே பாதிரியாராக இருந்த வில்லியம் வில்க்ஸ், தன் தோட்டத்தில் வயலை ஒட்டிய தரிசு மூலையில் முளைத்திருந்த பாப்பிகளுக்கு நடுவே ஒரே ஒரு பூவின் இதழ் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரையைக் கண்டார். அந்தப் பூவுக்கு அடையாளம் வைத்து, அதன் விதையை மட்டும் எடுத்து விதைத்தார். முளைத்ததில் கரை நன்றாக இருந்த சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கினார். இதையே ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ததில் வெள்ளை, வெளிர் இளஞ்சிவப்பு, இரு நிறம் கலந்தது என்று வரிசையாக வந்தன, அடியில் இருந்த கறுப்புத் திட்டும் போயே போய்விட்டது. ஆய்வுக்கூடம் கிடையாது, ஒட்டுக் கட்டவில்லை. கண்ணும் பொறுமையும் மட்டும்தான். பிறகு அவர் அரசத் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். குரோய்டனில் தமிழர்கள் நிறைய, ஆனால் இந்தப் பூ அங்கே பிறந்தது என்று தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

லேடிபேர்ட் என்று விற்கும் வகை வேறு இனம், காக்கேசியப் பக்கத்துச் செடி. கருஞ்சிவப்பு இதழ் ஒவ்வொன்றிலும் நடுவில் கறுப்புப் பொட்டு இருக்கும். கலிபோர்னியா பாப்பி இன்னும் தள்ளி நிற்கும் உறவு. சாம்பல் பச்சை இலை, பளீரென்ற ஆரஞ்சு. 1903 முதல் கலிபோர்னியா மாநிலத்தின் மலர் இதுதான். தண்ணீர் ஊற்ற மறந்துவிடும் ஆட்களுக்கு ஏற்ற செடி. மேகம் மூடினால் பூவும் மூடிக்கொள்ளும், அதைப் பார்த்து வாடிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். ஐஸ்லாந்து பாப்பி உண்மையில் சைபீரியப் பக்கத்துச் செடி. அது சில ஆண்டுகள் வாழக்கூடியது என்றாலும் பெரும்பாலோர் ஓராண்டுச் செடியாகவே வளர்க்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் ஒன்றை நீங்கள் ஊரில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். சாலையோரத்திலும் தரிசிலும் மஞ்சள் பூவோடு முள்ளு முள்ளாக நிற்கும் பிரம்மதண்டு பாப்பிக்குச் சொந்தம்தான். யாரும் விதைத்ததில்லை, யாரும் நீர் ஊற்றியதில்லை, ஆனாலும் நிற்கிறது பாருங்கள். இதன் விதை கடுகு மாதிரியே இருப்பதால் கடுகெண்ணெயில் கலந்து 1998ல் டெல்லியில் பலரைப் பலி வாங்கியது. அது வேறு விஷயம்.

விதைப்பு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பாப்பியில் வெற்றியும் தோல்வியும் முதல் ஒரு மாதத்திலேயே முடிவாகிவிடும்.

பாப்பி விதை ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. மண்ணுக்கு மேலேயே கிடந்து வெளிச்சம் பட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். புதைத்தால் அழுகாது, சாகாது, அப்படியே உறங்கும், அதுவும் பல பத்தாண்டுகள் வரை. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் நடந்தது இதுதான். குண்டுகளும் பதுங்குகுழிகளும் மண்ணைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டன. அடியில் கிடந்த விதைகள் மேலே வந்து, வெளிச்சம் பட்டு, செத்தவர்களைப் புதைத்த இடமெல்லாம் சிவப்பாகப் பூத்தன. பிரிட்டனில் 1921 முதல் நவம்பர் மாதத்தில் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புக் காகிதப் பூ அதன் நினைவாக வந்தது.

நம் தோட்டத்துக்கு இதில் பாடம் இரண்டு. மண்ணைக் கிளறு, விதையைப் புதைக்காதே.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். களைகளை வேரோடு எடுத்துவிட்டு மேல் மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, கட்டிகளை உடைத்துப் பொலபொலவென்று ஆக்குங்கள். எரு போடாதீர்கள். ஏற்கெனவே காய்கறி போட்டு வளமாக இருக்கும் பாத்தியும் வேண்டாம். தழைச்சத்து அதிகமானால் செடி இலையாகவே வளர்ந்து, தண்டு வலுவில்லாமல் முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும். தண்ணீர் தேங்கும் களிமண் என்றால் கொஞ்சம் பொடிச் சரளை கலந்து மேட்டுப் பாத்தியாக்குங்கள், அது போதும்.

விதையைக் கீரை விதைப்பதுபோல விதைக்க வேண்டியதுதான். ஒரு சிட்டிகை விதையைக் கைப்பிடி உலர்ந்த மணலோடு கலந்து, வீசித் தூவுங்கள். மணல் விழுந்த இடம் வெளிறித் தெரிவதால் எங்கே அடர்த்தி, எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரியும். மேலே மண் போட்டு மூட வேண்டாம். உள்ளங்கையாலோ பலகையாலோ மெதுவாக அழுத்திவிட்டால் விதை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பூவாளியில் மெல்லிய கண் உள்ள மூடி போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதை எல்லாம் அடித்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். இன்னொன்று, விதைத்த இடத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டு வையுங்கள். இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து நீங்களே அதைக் களை என்று கொத்திவிடுவீர்கள்.

எப்போது? மார்ச் கடைசியிலிருந்து மே வரை விதைத்தால் ஜூன் கடைசி தொடங்கிக் கோடை முழுக்கப் பூக்கும். செப்டம்பரில் விதைத்தால் குளிர்காலத்துக்குள் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாக நின்று, பனியைத் தாங்கி, அடுத்த மே மாதமே பூத்துவிடும். இந்தச் செடிகள் வேர் நன்றாக இறங்கிப் பருமனாகவும் இருக்கும். எனக்கு இரண்டிலும் செப்டம்பர் விதைப்புதான் பிடிக்கும். ஆனால் ஈரக் களிமண் தோட்டம் என்றால் குளிரில் அழுகிவிடும், அவர்கள் மார்ச்சுக்கே காத்திருக்கலாம். ஒரே நாளில் எல்லா விதையையும் கொட்டாமல், மூன்று வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் பூவும் தொடர்ந்து வரும்.

நாற்று விட்டு நடக்கூடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாப்பிக்கு ஆணிவேர். முளைத்த சில நாளிலேயே அது நேராகக் கீழே இறங்கத் தொடங்கிவிடும், பிடுங்கும்போது அறுந்தால் செடி தேறாது. அதனால் பூக்கும் இடத்திலேயே விதைப்பதுதான் முறை. தொட்டியில் வளர்ப்பவர்களும் நேராகத் தொட்டியிலேயே விதைக்க வேண்டும், அது ஓரடி ஆழமாவது இருக்கட்டும். தவிர்க்கவே முடியாது என்றால் மட்கக்கூடிய காகிதக் குப்பியில் இரண்டு மூன்று விதை போட்டு, குப்பியோடு சேர்த்தே மண்ணில் வைத்துவிடலாம்.

கலைத்துவிடுதல்

ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் புல்லைவிட மெல்லியதாக முளைகள் வரும். இவ்வளவு சன்னமானதைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது, ஆனால் பிடுங்கத்தான் வேண்டும். விரல் உயரம் வந்ததும் செடிக்குச் செடி ஒரு சாண் இடம் இருக்கும்படி கலைத்துவிடுங்கள். ஒரேயடியாக வேண்டாம், இரண்டு மூன்று தவணையாகச் செய்தால் நடுவில் நத்தை தின்றுபோவதற்கும் கணக்கு இருக்கும். பக்கத்துச் செடியின் வேர் ஆடாமல் இருக்க, பிடுங்குவதற்குப் பதில் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டுவது நல்லது. கலைக்காமல் விட்ட பாத்தியில் அரையடியில் ஒல்லிக் குச்சிகள் நூறு நிற்கும், ஆளுக்கு ஒரு பூ வைத்துவிட்டுப் படுத்துவிடும். கலைத்த இடத்தில் ஒரே செடி கிளைத்து இருபது முப்பது பூ தரும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முளைக்கும் வரை மேல் மண் காயாமல் தெளித்தால் போதும். வேர் இறங்கிய பிறகு, நீண்ட வறட்சி வந்தால் மட்டும் வாரம் ஒருமுறை அடியில் ஊற்றுங்கள். உரம் வேண்டாம் என்று மறுபடி சொல்கிறேன்.

பூச்சியில் முதல் எதிரி நத்தையும் ஓடில்லாத நத்தையும். இளஞ்செடியை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். மழை பெய்த இரவில் டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவதுதான் இன்றுவரை நல்ல வைத்தியம். மெட்டால்டிஹைடு கலந்த நத்தை மருந்துக்குப் பிரிட்டனில் 2022 முதல் தடை, பழைய டப்பா கொட்டகையில் இருந்தால் பயன்படுத்த வேண்டாம். மொட்டுக் காம்பில் கறுப்பு அசுவினி அப்பினால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போகும், பொறிவண்டு வந்தால் அதுவும் வேண்டாம்.

பூக்கும் காலை

மொட்டு வந்த புதிதில் காம்பு வளைந்து தலை தொங்கிக்கொண்டிருக்கும். வாடிவிட்டது என்று பயந்து தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு, தேவையில்லை. பூக்கும் நேரம் நெருங்கும்போது காம்பு தானே நிமிரும். விடியலில் போய்ப் பார்த்தால் மொட்டை மூடியிருக்கும், மயிர் அடர்ந்த இரண்டு பச்சைப் புல்லிகளும் நடுவில் பிளந்து, உள்ளே சிவப்பு தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்தப் புல்லிகள் கீழே விழும். உள்ளே மடங்கிச் சுருண்டிருந்த இதழ்கள் கசங்கலோடு வெளியே வந்து, வெயில் ஏற ஏற நீவிவிட்டதுபோல நேராகும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் கருநிறம். காலையில் வந்துபோகும் தேனீயின் பின்னங்காலில் கறுப்பு உருண்டை ஒட்டியிருந்தால் அது உங்கள் பாப்பியிடம் வந்துவிட்டுப் போகிறது.

ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள், போனால் இரண்டு நாள். சாடியில் வைக்க வேண்டுமானால் பூத்ததைப் பறித்துப் பயனில்லை. பச்சை பிளந்து நிறம் எட்டிப் பார்க்கும் மொட்டாக வெட்டி, வெட்டிய நுனியைச் சில நொடி தீயில் காட்டியோ கொதிநீரில் முக்கியோ எடுத்துத் தண்ணீரில் வையுங்கள். வெட்டிய இடத்தில் பால் வடிவது நின்றால் பூ கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அந்தப் பால் வாயில் படக்கூடாது, சின்னக் குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் உள்ள வீட்டில் கவனம்.

கசகசா விஷயம்

சமையலறைக் கசகசாவும் பாப்பி விதைதான். பபாவர் சோம்னிஃபெரம் என்ற அபினிச் செடியின் விதை. பிரிட்டனில் அழகுக்காக அதைத் தோட்டத்தில் வளர்க்கலாம், பியோனி பாப்பி என்று அடுக்கு இதழ் வகைகளைக் கடைகளிலேயே விற்கிறார்கள். இந்தியாவில் அப்படி இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்தச் செடியை வளர்ப்பது குற்றம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் குறிப்பிட்ட இடங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் மட்டும் பயிரிடுகிறார்கள். கடையில் விதை விற்கிறார்களே என்றால், விதையை விற்கலாம், செடியை வளர்க்கக்கூடாது. டப்பாவில் இருக்கும் கசகசாவை விளையாட்டுக்குக்கூடத் தொட்டியில் தூவிப் பார்க்காதீர்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் விதை கொண்டுபோவதற்கே தடை என்பது அங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டையும் இலையிலேயே பிரித்துவிடலாம். வயல் பாப்பியின் இலை பச்சை, மயிர் உள்ளது, ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். அபினிச் செடியின் இலை மயிரில்லாமல், நீலச் சாம்பல் பூச்சோடு, முட்டைக்கோஸ் இலை நிறத்தில் தண்டைக் கட்டிப்பிடித்து நிற்கும். இந்தியாவில் ஆன்லைனில் விதை வாங்கும்போது வெறும் பாப்பி என்றிருப்பதை நம்பாமல், ரோயஸ் என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஊர்க் கணக்கு. டெல்லி, சண்டிகர் பக்கம் அக்டோபரில் விதைத்துப் பிப்ரவரி, மார்ச்சில் பூ பார்க்கிறார்கள். பெங்களூரில் மழை ஓய்ந்த பிறகு, அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ விதைக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் குளிர் இதற்குத் தோதானது, கனமழை மாதங்களை மட்டும் தவிர்க்க வேண்டும். சென்னைக்கும் மதுரைக்கும் நான் பாப்பியைச் சொல்ல மாட்டேன். அங்கே குளிர் என்று ஒன்று வந்து நிற்பதற்குள் வெயில் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் காஸ்மாஸும் ஜின்னியாவும் போடுங்கள்.

விதை எடுப்பது

ஜூலைக்குப் பிறகு கிள்ளுவதை நிறுத்திவிட்டு, நல்ல நிறம் வந்த சில செடிகளைக் காய்க்க விடுங்கள். காயின் தலையில் ஒரு தட்டு, அதன் ஓரத்துக்குக் கீழே சுற்றிலும் சின்னத் துளைகள். காற்றில் காய் ஆட ஆட, மிளகுத்தூள் டப்பாவைக் குலுக்குவதுபோல விதை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறும். ஒரு காயில் விதை ஆயிரத்தைத் தாண்டும் என்பதால் மூன்று நான்கு காய் எடுத்தாலே தெரு முழுக்கக் கொடுக்கலாம். காய் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே சலசலக்கும்போது வெட்டி, தலைகீழாகக் காகிதப் பையில் கவிழ்த்துத் தட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். கலிபோர்னியா பாப்பிக்கு மட்டும் வேறு வழி. அதன் நீளக் காய் வெயிலில் படக்கென்று வெடித்து விதையை வீசிவிடும், வெடிக்கும் முன்பே பறித்துவிட வேண்டும்.

ஷெர்லி விதையை அப்படியே விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் தோட்டம் மெல்லச் சிவப்புக்குத் திரும்பும். பக்கத்தில் வயல் பாப்பி இருந்தால் தேனீ கலந்துவிடும். வேண்டாத நிறம் பூத்த அன்றே, காய் பிடிக்கும் முன் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். வில்க்ஸ் செய்ததும் அதுதான்.

எடுத்த விதையை ஊருக்குக் கொண்டுபோய்த் தங்கைக்கோ அம்மாவுக்கோ கொடுக்கலாமே என்று தோன்றும். பெட்டியில் வைக்காதீர்கள். வெளிநாட்டு விதை இந்தியாவுக்குள் வர 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும், விமான நிலையத்தில் பிடிபட்டால் பறிமுதல்தான். அங்கேயே விற்கும் ரோயஸ் விதைப் பாக்கெட் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, எரு போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.